வாசகர் கேள்வி – பதில்: எல்லை கடந்த சீனக் கவிஞர்கள்

சென்ற இதழின் இலக்கியப் பகுதியில், 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோங் அரசவைத் தூதரும் கவிஞருமான ஃபான் செங்தாவின் நான்கடிப் பாடல் ஒன்றைத் தமிழாக்கித் தந்திருந்தோம். பகை அரசின் வசமாகிவிட்ட பழைய தலைநகரின் பாலத்தை அவர் கடந்தபோது பிறந்த பாடல் அது:

பாலத்தின் தெற்கும் வடக்கும் பேரரசர் உலா வந்த பெருவீதி;
ஆண்டுதோறும் முதியோர் இங்கே அரச ரதம் திரும்பக் காத்திருக்கின்றனர்.
கண்ணீரை அடக்கிக் குரல் தழுதழுக்கத் தூதரிடம் கேட்கின்றனர்:
"நம் படைகள் மெய்யாகவே வருவது எப்போது?"

அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் ஐவரின் கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறேன்.

"பகைவர் ஆளும் ஊரில், அவர்களுடைய காவலர் சூழச் செல்லும் ஒரு தூதரைத் தெருவில் நிறுத்தி, 'நம் படை எப்போது வரும்?' என்று யாராவது கேட்டிருக்க முடியுமா, ஐயா? இது நடந்ததா, கவிஞரின் கற்பனையா? கற்பனை என்றால் அந்தக் கண்ணீருக்கு என்ன மதிப்பு?" – வாசகி, பாயான் லெப்பாஸ்

உங்களுக்கு எழுந்த ஐயம் சீன அறிஞர்களுக்கும் எழுந்திருக்கிறது. அதற்கு முன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1127இல் ஜுர்ச்சென் இனத்தவரின் ஜின் அரசு, சோங் பேரரசின் தலைநகரை, அதாவது இன்றைய காய்ஃபெங் நகரைக் கைப்பற்றிய பின், பேரரசரையும் முன்னரே முடி துறந்திருந்த அவருடைய தந்தையையும் சிறைப்பிடித்து வடக்கே கொண்டுசென்றது. தப்பிய இளவரசர் ஒருவர் தெற்கே ஆட்சியைத் தொடர, நாளடைவில் ஹாங்ஜோ தலைநகராயிற்று. 1141இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஹுவாய் ஆறு இரு அரசுகளுக்கும் எல்லையானது. 1165இல் ஏற்பட்ட அடுத்த உடன்படிக்கையின்படி, சோங் பேரரசர் ஜின் பேரரசரைச் சிற்றப்பா முறை வைத்து அழைக்க வேண்டியிருந்தது. ஜின் தூதர் கடிதம் கொண்டுவந்தால் சோங் பேரரசர் இருக்கையை விட்டு எழுந்து வாங்க வேண்டும் என்ற வழக்கமும் நீடித்தது. அந்த வழக்கத்தை மாற்றவும், வடக்கே மாட்டிக்கொண்ட சோங் முன்னோரின் கல்லறை நிலத்தைத் திரும்பக் கேட்கவும் 1170இல் அனுப்பப்பட்டவர்தான் ஃபான் செங்தா. உயிரோடு திரும்புவோம் என்ற உறுதி இல்லாத அந்தப் பயணத்தில் அவர் 72 நான்கடிப் பாடல்களை எழுதினார். ஒரு நாட்குறிப்பும் எழுதினார்.

பாடலையும் நாட்குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் உங்கள் கேள்வியின் ஆழம் தெரிகிறது. பாடலில் நகரமே பழைய அரசருக்காக ஏங்கி நிற்கிறது. நாட்குறிப்பிலோ, காய்ஃபெங் மக்கள் வேற்றினத்தாரின் பழக்கவழக்கங்களில் நெடுநாளாகத் தோய்ந்துவிட்டதாகவும், நடையும் விருப்பும் அவர்களோடு சேர்ந்தே மாறிவிட்டதாகவும் அவர் எழுதுகிறார். ஆடவர் உச்சந்தலையை மாதம் மூன்று நான்கு முறை மழித்துக்கொள்கிறார்கள். சிற்றூர்களில் தலைத்துணி கட்டும் வழக்கமே போய்ப் பேய்போல் தலைவிரிகோலமாகத் திரிகிறார்கள், அதுவே வசதி என்கிறார்கள். உடையோ முற்றிலும் மாறிவிட்டது. பெண்களின் உடை மட்டும்தான் பெரிதாக மாறவில்லை. இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த கண், அந்த முதியோரின் வாயில் இந்தக் கேள்வியை வைத்தது ஏன்?

20ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ச்சியான் சோங்ஷு இதற்குச் சொன்ன விளக்கத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஜின் நகரத்தின் நடுத்தெருவில் சோங் தூதரை மறித்து அப்படிக் கேட்க எந்த முதியவரும் துணிந்திருக்க மாட்டார்; ஆனால் அவர்கள் மனத்துக்குள் மறைத்து வைத்திருந்த மெய்யான விருப்பத்தைப் பாடல் சரியாகச் சொல்லிவிட்டது என்பது அவர் கருத்து. இதற்கு வேறு சான்றும் உண்டு. முந்தைய ஆண்டு, 1169இல், அதே வழியில் தூதுக்குழுவோடு சென்ற லோவ் யுவே தம் நாட்குறிப்பில், தலை நரைத்த முதியோர் தூதர்களைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு முகத்தை மூடி அழுததைப் பதிவு செய்திருக்கிறார். அழுகை உண்மை, வாய்விட்டுக் கேட்ட கேள்வி கவிஞர் தந்தது.

அந்தக் கேள்வி உண்மையில் யாரை நோக்கியது என்பதையும் எண்ணிப் பாருங்கள். நகரம் வீழ்ந்து 43 ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போது 17 வயதாயிருந்தவருக்கு இப்போது 60. பழைய ஆட்சியை நினைவில் வைத்திருந்த தலைமுறை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. இளையவர்களுக்கோ ஜின் ஆட்சியைத் தவிர வேறொன்றும் தெரியாது. மீட்பதாகச் சொல்லிச் சொல்லியே காலம் கடத்திய ஹாங்ஜோ அரசவைதான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவையில் ஓர் அதிகாரி நேரடியாகக் கேட்டால் பதவி போகும். பாலத்து முதியவர் கேட்டதாகப் பாடினால் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. அந்தக் கண்ணீரை அரசியல் கண்ணீர் என்று சொன்னால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது, அம்மா. ஃபானின் அச்சமும் துக்கமும் மெய்யானவை, அவற்றை எங்கே கொண்டுசேர்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இக்கவிதைகளில் எல்லைக்கு அப்பால் வாழ்பவர்கள் நாகரிகமற்றவர்களாகவே காட்டப்படுகிறார்கள். பல இனத்தார் சேர்ந்து வாழும் நம் மலேசிய நாட்டில் இத்தகைய இன வெறுப்பு இலக்கியத்தைப் பாராட்டுவது முறையா?" – ஆசிரியர், புக்கிட் மெர்தாஜாம்

வெறுப்பு இருக்கிறது, அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. "நம் குலத்தார் அல்லாதவரின் உள்ளமும் வேறாகவே இருக்கும்" என்று கிறிஸ்துவுக்கு முற்பட்ட சீன வரலாற்று நூல் ஒன்றில் வரும் வாசகத்தைப் பிற்காலத்துப் புலவர்கள் பலர் எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆனால் அதே மரபுக்குள், அந்த வாசகத்தை உடைத்துப் பார்த்த கவிதைகளும் இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாங் காலத்துப் பை ஜூயி 809இல் எழுதிய 50 புதிய இசைப்பாக்களில் ஒன்று, கட்டுண்ட கைதி ஒருவரின் கதை. மேற்கு எல்லையிலுள்ள லியாங்ஜோ வட்டாரத்தில் பிறந்த ஹான் இனத்தவர், அதாவது பெரும்பான்மைச் சீன இனத்தவர் அவர். நாட்டில் கலகம் மூண்டு எல்லைப்படைகள் திரும்ப அழைக்கப்பட்ட பின், அந்த நிலம் திபெத்தியர் வசமாகிறது. 40 ஆண்டுகள் தோலாடை அணிந்து, கம்பளிக் கச்சை கட்டி, அவர்களோடு வாழ்கிறார். புத்தாண்டு நாளில் மட்டும் ஹான் உடை உடுத்த விடுகிறார்கள், அன்று உடையைச் சரிசெய்தபடியே யாருக்கும் தெரியாமல் அழுகிறார். ஒருநாள் ஊர் திரும்ப முடிவெடுக்கிறார். திபெத்திய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. பகலில் ஒளிந்து இரவில் நடந்து பாலைவனத்தைக் கடக்கிறார். தொலைவில் ஹான் படையின் முரசொலி கேட்டதும் ஓடிவந்து வழியோரத்தில் விழுந்து வணங்குகிறார். காவற்குதிரை வீரர்களோ அவர் பேசிய ஹான் மொழியைக் காதில் வாங்கவே இல்லை. உடையைப் பார்த்தார்கள், திபெத்தியக் கைதி என்று கட்டிவிட்டார்கள். ஈரம் கசியும் தென்கிழக்கு நிலத்துக்கு அவரை நாடு கடத்துகிறார்கள். உடன் நடக்கும் கைதிகளிடம் அவர் சொல்கிறார்: "இப்படியென்று தெரிந்திருந்தால் திரும்பியே இருக்க மாட்டேன், இரண்டு இடங்களில் படும் துன்பத்தைவிட ஓரிடத்துத் துன்பமே மேல். ஹான் உள்ளம், ஹான் மொழி, திபெத்திய உடல்; இப்படியொரு வழக்கு உலகில் உண்டா?"

இனம் என்பது எங்கே இருக்கிறது, உள்ளத்திலா, நாவிலா, உடுத்திய தோலாடையிலா என்ற கேள்வியை 1,200 ஆண்டுகளுக்கு முன் இதைவிடக் கூர்மையாகக் கேட்ட கவிதையை நான் படித்ததில்லை. விட்டுவந்த மனைவி மக்களுக்காகவும் அந்தக் கைதி வருந்துகிறார் என்பதைக் கவனியுங்கள். வெறுப்பு இலக்கியத்தில் அந்த வரிக்கு இடம் கிடைத்திருக்காது.

யுவான் ஹாவ்வென் (1190–1257) கதை இன்னும் வேறு. ஃபான் செங்தா எந்த ஜின் அரசை அந்நிய அரசு என்று பாடினாரோ, அந்த ஜின் அரசில் பிறந்து அதன் அதிகாரியாக இருந்தவர் இவர். வட சீனத்தை ஒருகாலத்தில் ஆண்ட தோபா மரபின் வழிவந்த குடும்பம். மங்கோலியர் 1233இல் காய்ஃபெங்கைக் கைப்பற்றியபோது, சிறைப்பட்டவர்களோடு அவரும் வடக்கே கொண்டுசெல்லப்பட்டார். ஐந்தாம் மாதம் மூன்றாம் நாள் ஆற்றைக் கடந்து வடக்கே சென்றபோது எழுதியது:

வழியோரமெங்கும் விறைத்துக் கிடக்கின்றனர் கட்டுண்ட கைதிகள்;
கம்பளம் போர்த்திய வண்டிகள் வெள்ளமாய்க் கடந்து செல்கின்றன.
ஊய்குர் குதிரைகளின் பின்னே அழுதபடி நடக்கும் பெண்ணே,
அடிக்கொரு தரம் யாருக்காகத் திரும்பிப் பார்க்கிறாய்?

அதே காய்ஃபெங், அதே வடதிசைப் பயணம், அதே கண்ணீர். இழந்த நாடு மட்டும் மாறிவிட்டது. ஒருவருக்கு அந்நியர் ஆட்சியாக இருந்தது மற்றவருக்குத் தாய்நாடாக இருந்திருக்கிறது. ஜின் அரசு 1234இல் அழிந்த பின் யுவான் அந்நாட்டுக் கவிஞர்களின் பாடல்களைத் திரட்டித் தொகுத்து, நடுநிலப் பண்பாட்டின் பெயரையே அந்தத் தொகுப்புக்குச் சூட்டினார். ஜின் அரசு பிடித்து வைத்திருந்த சோங் தூதர்கள் சிலரின் கவிதைகளுக்கும் அதில் இடமளித்தார். ஃபான், யுவான் இருவரின் பாடல்களையும் ஒரே பாடவேளையில் படிக்க உங்கள் மாணவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் மிகவும் மகிழ்வேன்.

"வழியனுப்பும்போது வில்லோ மரக்கிளை, மது, எல்லைக் கோட்டை, நிலவு, குழல் என்று எல்லாக் கவிஞர்களும் ஒன்றையே பாடுகிறார்கள். இது உணர்ச்சியா, வாய்பாடா?" – பல்கலைக்கழக மாணவி, குளுகோர்

சங்கப் பாடல்களைப் படித்த ஒருவர் இப்படிக் கேட்கலாமா, தங்கையே! பாலைத் திணையில் கள்ளியும் பருந்தும் ஆறலை கள்வரும் வராத பாட்டு எத்தனை? அதனால் பிரிவின் வலி பொய்யாகிவிடுமா? வேற்று மொழி நிலமும் எல்லையும் நம் பாட்டிலும் உண்டு. குறுந்தொகை 11இல் மாமூலனாரின் தலைவி, "குல்லைக் கண்ணி வடுகர் முனையது, வல்வேல் கட்டி நன்னாட்டு உம்பர், மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்" தலைவன் இருக்குமிடத்துக்கே போவோம் என்று தன் நெஞ்சிடம் சொல்கிறாள். வடுகரின் முனையும், கட்டியின் நாடும், அதற்கப்பால் வேறு மொழி பேசும் நிலமும் அந்தக் காலத்து அரசியல் வரைபடமே. காதலியின் ஏக்கத்துக்கு அந்த வரைபடம் அளவுகோலாகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. அகப்பாடலில் தலைமக்களைப் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் விதித்த நெறி. அதனால் அந்த வலி எல்லாருக்கும் பொதுவாகிறது. சீனப் பயணக் கவிதையோ உருவகங்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு, தலைப்பில் நாளையும் இடத்தையும் ஆளையும் ஆணியடித்தாற்போல் குறித்துவிடும். யுவான் ஹாவ்வென் பாடலின் தலைப்பே ஆண்டு, மாதம், நாள், ஆற்றைக் கடந்தமை ஆகியவைதாம். தாங் காலத்து வாங் வெய்யின் புகழ்பெற்ற பாடல், யுவான் என்ற தம் நண்பர் மேற்கு எல்லைப் படைத்தளமான ஆன்சிக்குத் தூது போகையில் வழியனுப்பியதாகத் தலைப்பிலேயே சொல்கிறது. இன்னொரு கிண்ணம் குடியுங்கள், யாங் கணவாய்க்கு மேற்கே உங்களுக்குத் தெரிந்த முகம் இராது என்பது அதன் கடைசி இரண்டு அடிகளின் கருத்து. 749இல் ஆன்சிப் பணிக்காக மேற்கே சென்ற சென் ஷென், வழியில் தலைநகருக்குத் திரும்பும் தூதர் ஒருவரைச் சந்திக்கிறார்:

கிழக்கே என் ஊரை நோக்குகிறேன், வழி நீண்டு நீண்டு கிடக்கிறது;
இரு கைகளின் சட்டைத் தலைப்பும் நனைந்தது, கண்ணீர் காயவில்லை.
குதிரைமேல் சந்தித்தோம்; தாளும் இல்லை, தூரிகையும் இல்லை;
நலமாயிருக்கிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு அடிகளும் மரபு தந்தவை, யாரும் எழுதலாம். மூன்றாவது அடியில் இரண்டு குதிரைகள் நிற்கின்றன. எழுதக் கையில் ஒன்றுமில்லை. அந்த ஓரடிக்காகவே இப்பாடல் இன்றுவரை வாழ்கிறது என்பேன். மரபு பழகிய பாதையைத் தருகிறது, கவிஞன் அதில் தன் காலடியைப் பதிக்கிறான். படிக்கும்போது அந்தக் காலடியைத் தேடுங்கள்.

"போன இடத்தையே சொந்த ஊராக்கிக்கொண்ட கவிஞர் யாரேனும் உண்டா?" – வாசகர், ஜெலுத்தோங்

சூ ஷி. அரசியல் பகையால் 1097இல், அறுபது வயதைக் கடந்த நிலையில் ஹைனான் தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அங்கே வாழ்ந்த லீ இன மக்களையும் ஹான் மக்களையும் சேர்த்து விளித்து, "நீங்கள் இரு சாராரும் ஒரே மக்கள்" என்று பாடினார். பயிர்த்தொழிலைச் சரியாகச் செய்யுங்கள் என்று அறிவுரை சொல்லும் பாடல் அது. அதிகாரியின் மேட்டிமை அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் 1100இல் மன்னிப்புப் பெற்றுத் தீவை விட்டுக் கிளம்பும்போது, லீ மக்களிடம் விடைபெற்று எழுதியதில் அந்த மேட்டிமை இல்லை: "நான் இந்தத் தீவுக்காரன், மேற்கே ஷூ நாட்டில் பிறந்தது தற்செயலாகத் தங்கியது." அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

"ஆயர் ஈத்தாம் கெக் லோக் சீ கோயிலில் பாறையில் செதுக்கிய சீன எழுத்துகளைச் சீனப் பள்ளியில் படிக்கும் என் மகள் வாசித்துக்காட்டினாள், 'பழைய நாட்டை மறவாதே' என்று பொருளாம். எழுதியவர் யார்? நம் வட்டாரத்தைப் பற்றி இப்படிப்பட்ட பயணக் கவிதைகள் உண்டா?" – வாசகி, ஆயர் ஈத்தாம்

அது காங் யூவெய்யின் கையெழுத்து. 1898இல் சிங் பேரரசர் குவாங்ஷு மேற்கொண்ட சீர்திருத்தங்களுக்கு மூளையாக இருந்தவர். அரண்மனைச் சூழ்ச்சியால் அந்தச் சீர்திருத்தம் முறியடிக்கப்பட்டதும் தலைக்கு விலை வைக்கப்பட்ட நிலையில் தப்பியோடி, 1900இல் பினாங்கு வந்து சேர்ந்தார். இங்கே இருந்த காலத்தில் கவிதைகளும் எழுதினார்.

மறக்காதே என்று அவர் சொன்ன நாடு எது என்று கேட்டுப் பாருங்கள். அவர் இறுதிவரை பற்று வைத்திருந்த பேரரசர் மஞ்சு இனத்தவர். மஞ்சுக்கள் ஜுர்ச்சென் வழிவந்தவர்கள். 1635இல்தான் அந்தப் புதிய பெயரைச் சூடிக்கொண்டார்கள். அதாவது, ஃபான் செங்தா காய்ஃபெங் பாலத்தில் நின்று யாருடைய ஆட்சி ஒழிய வேண்டும் என்று ஏங்கினாரோ, அவர்களுடைய வழித்தோன்றலுக்காக 700 ஆண்டுகள் கழித்து ஒரு ஹான் அறிஞர் பினாங்கில் ஏங்கியிருக்கிறார். அதே பினாங்கில் 1910இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்சென் தம் தோழர்களைக் கூட்டி அடுத்த எழுச்சிக்குத் திட்டம் தீட்டினார். அந்நியரை விரட்டிச் சீனத்தை மீட்போம் என்பது அவருடைய இயக்கத்தின் உறுதிமொழி, அந்நியர் என்று அதில் சுட்டப்பட்டவர் மஞ்சுக்கள். பழைய நாடு என்று இருவரும் சொன்னாலும் அந்த நாட்டுக்குள் யார் இருக்கலாம் என்பதில் அவர்கள் உடன்படவே இல்லை. மகளோடு அடுத்த முறை அந்தப் பாறைக்குப் போகும்போது இதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

நம் வட்டாரத்தைப் பாடியவர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் ஹுவாங் சுன்ஷியன் (1848–1905). 1891 முதல் 1894 வரை சிங்கப்பூரில் சிங் அரசின் தலைமைத் தூதராக இருந்தார்; அதற்கு முன், சீனர் குடியேறுவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுமையைச் சான் பிரான்சிஸ்கோவில் தூதராக இருந்து நேரில் பார்த்தவர். சீனத்தில் வெவ்வேறு பருவங்களில் மலரும் தாமரையும் செவ்வந்தியும் பீச் மலரும் பருவமில்லாத நம் மண்ணில் ஒரே நேரத்தில் கிடைப்பதைக் கண்டு, மூன்றையும் ஒரே குடுவையில் வைத்து நீண்ட பாடல் ஒன்றைப் பாடினார். மஞ்சள், வெள்ளை, கறுப்பு இனத்தார் ஒரே நாட்டில் கூடியதுபோல் என்று அதில் ஒப்பிடுகிறார். பூக்கள் உடனே கட்டித் தழுவிக்கொள்வதில்லை. ஒன்று கூச்சத்தில் ஒதுங்குகிறது, ஒன்று கர்வத்தோடு பார்க்கிறது. சில வேளைகளில் முதுகைத் திருப்பிக்கொண்டு, "நம் குலத்தார் அல்லாதவரின் உள்ளம் வேறு" என்று ஒன்றையொன்று சந்தேகிக்கின்றன. சில வேளைகளில் தோளோடு தோள் சேர்ந்து, உறவானது நம் ஊழ் என்று அன்பு கொள்கின்றன. மேலே புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியருக்கு எழுதிய பதிலில் குறித்த அந்தப் பழைய வாசகத்தை, பூக்களின் பொறாமைப் பேச்சாக ஹுவாங் மாற்றிவிட்டதை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்.

அவர் பாட்டோடு நின்றுவிடவில்லை என்பதால்தான் அவர்மீது எனக்கு இத்தனை மதிப்பு. தென்கடல் நாடுகளில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பிய சீனர்களை, அனுமதியின்றி நாட்டை விட்டுப் போனவர்கள் என்ற பழைய தடைச்சட்டத்தைக் காட்டி, உள்ளூர் அதிகாரிகளும் உறவினருமே மிரட்டிப் பணம் பறித்துவந்தார்கள். பை ஜூயியின் கைதிக்கு நேர்ந்ததைப் போல, வீடு திரும்பியவர்கள் வீட்டு வாசலிலேயே வேற்றாளாக நடத்தப்பட்டார்கள். இதை ஹுவாங் விரிவான அறிக்கையாக எழுதித் தம் மேலதிகாரியான சுவே ஃபூச்செங்குக்கு அனுப்பினார். சுவே அதை அரசவைக்கு விண்ணப்பமாக்கினார். 1893இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. வெளிநாடு சென்ற சீனர் எவரும் குற்றவாளியென்ற பெயரில்லாமல் தாயகம் திரும்பலாம் என்று அதன் பிறகே சட்டம் சொன்னது. லீத் வீதியின் நீல மாளிகையைக் கட்டிய சியோங் ஃபாட் சீ பினாங்கின் துணைத்தூதராக நியமிக்கப்பட்டதும் ஹுவாங்கின் பரிந்துரையால்தான்.